நோவாலிங்க் வயர்லெஸ்: ஒரு வயலின்காரனின் மதிப்பீடு

கேட்கும் திறன் குறைந்தவர் அணியும் காதுக் கருவிக்குத் தானே அளவு வைத்துக்கொள்ள ஓர் இசைக்காரனால் முடியுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, பத்து மாதப் பழக்கத்தின் பின் இப்போது ஓரளவு பதில் சொல்லலாம். நான் வாங்கியது நோவாலிங்க் வயர்லெஸ் என்னும் சிறு பெட்டி. டென்மார்க்கிலுள்ள ஹிம்சா நிறுவனம் வெளியிட்டது. மடிக்கணினியின் யூஎஸ்பி வாயில் இதைச் செருகினால், கருவித் தயாரிப்பாளரின் மென்பொருளில் நாம் செய்யும் மாற்றங்களைப் புளூடூத் வழியாகக் காதிலுள்ள கருவிக்குள் எழுதிவிடும். பெட்டி வெறும் தூதுவன். ஆகவே மதிப்பீட்டில் பெரும்பங்கு அந்த மென்பொருளைப் பற்றியதாகவே இருக்கும்.

முப்பது ஆண்டுகளாக மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் அருகில் அமர்ந்து வாசித்ததன் கூலியாக, என் இடது காதின் கேட்கும் திறனில் 4000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. வலது காது அதைவிடத் தேவலை. வயலின் இடது பக்கத்தில் அணைந்திருப்பதால், வாத்தியத்துக்கு அண்மையிலுள்ள அந்தக் காதுதான் கூடுதலாக அடி வாங்குகிறது. கொழும்பில் கருவி பொருத்திய நாளிலேயே பேச்சு தெளிவாகிவிட்டது. திருகோணமலைச் சந்தையில் மீன்காரர் விலையை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் உவர்மலையில் வீட்டுக்கு வந்து சுருதிப்பெட்டியை இயக்கியபோது, அசையாமல் நிற்க வேண்டிய ஷட்ஜம், அதாவது ‘ச’ சுரம், மெல்ல அலைந்தது, அதன் வாலில் ஓர் ஊளையும் ஒட்டிக்கொண்டது. வயலினை மூன்று தடவை சுருதி சேர்த்த பின்னரே, பிழை தந்தியில் இல்லை என்பது விளங்கியது.

காரணம் எளிமையானது. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் மிக நெருக்கமாக இருப்பதால், காதுக்குள் போன ஒலி கசிந்து மறுபடி ஒலிவாங்கியில் புகுந்து கீச்சிடும். அதை அடக்குவதற்கென உள்ளே இருக்கும் ஏற்பாடு, ஒரே சீராக நீளும் எந்த ஒலியையும் கீச்சொலி என்று நினைத்து அழிக்கப் பார்க்கிறது; சில கருவிகளில் வெளியேறும் ஒலியின் அதிர்வெண்ணைச் சில ஹேர்ட்ஸ் நகர்த்தியும் விடுகிறது. துளையுள்ள காதடைப்பின் வழியே நேராக வரும் ஷட்ஜமும், கருவி நகர்த்திய ஷட்ஜமும் காதுக்குள் சந்தித்தால் விம்மல் எழாமல் வேறென்ன செய்யும்? பேச்சில் அவ்வாறு நீளும் ஒலி அரிது; தம்புரா முழுவதும் அதுதான்.

இதைத் திருத்த இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்கு இரண்டு தடவை போனேன். அமைதியான அறையில் எல்லாம் சரியாகவே கேட்டது, ஊருக்குத் திரும்பினால் மறுபடி அதே கதை. பெட்டியை வாங்கியது அதன் பிறகுதான்.

முதல் வேலையாக, இருந்த அமைப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பேச்சுக்கான நிரலை (கருவி நினைவில் வைத்திருக்கும் அமைப்புத் தொகுதியை) தொடாமல், வாசிப்புக்கென்று இரண்டாவது நிரல் ஒன்றை உருவாக்கினேன். அதில் கீச்சொலித் தடுப்பை ஆகக் குறைந்த நிலைக்கு இறக்கினேன். நீளும் சுரத்தை இரைச்சலாகக் கருதும் இரைச்சல் குறைப்பை நிறுத்தினேன். மேல் அதிர்வெண்களைக் கீழே இறக்கிக் கேட்கவைக்கும் வசதி ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளுக்கு உதவலாம்; வயலினின் மேற்சுரங்களையோ அது இடம் மாற்றி வைத்துவிடுகிறது, ஆகவே அதையும் நீக்கினேன். மெல்லியதை உயர்த்தி உரத்ததை அமுக்கும் சுருக்க விகிதத்தைக் குறைத்ததும், வில்லின் அழுத்தத்தில் நான் கொடுக்கும் ஏற்ற இறக்கம் எனக்கே மறுபடி கேட்டது. பத்து மாதத்தில் நான் கூட்டியது மிகச் சொற்பம், அணைத்ததே அதிகம்.

தவிலோடு அமரும்போது மட்டும் மென்பொருள் கைவிட்டது. உரத்த பேச்சுக்கூட 90 டெசிபெலைத் தாண்டுவது அபூர்வம். இசை 100ஐ எளிதாகத் தாண்டும். பல கருவிகளில், ஒலி எண்களாக மாற்றப்படும் முதல் வாயிலிலேயே உச்சங்கள் வெட்டுப்பட்டுவிடுவதால், பின்னால் எதைத் திருகினாலும் அந்தக் கரகரப்பு போகாது. இசைக்காரரின் செவிப்புலன் பற்றி நெடுங்காலம் பணியாற்றிவரும் கனடிய ஓடியோலொஜிஸ்ட் (செவிப்புலன் நிபுணர்) மார்ஷல் சேசின் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: ஒலிவாங்கியின் மேல் சில அடுக்கு செலோ டேப் ஒட்டுவது. உள்ளே நுழையும் ஒலி ஏறத்தாழ 10 டெசிபெல் குறைகிறது. இவ்வளவு செலவழித்த பின் கடைச்சாமான் ஒன்று கைகொடுத்தது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. ஆனாலும் அன்று தவில்காரத் தம்பி, “அண்ணன், இண்டைக்குத்தான் என்ர சொல்லு உங்களுக்கு விழுந்திருக்கு” என்றார்.

கோணேசர் மலையில் வேறொரு சிக்கல். பாறை விளிம்பில் அடிக்கும் கடற்காற்று, எல்லாத் தடுப்புகளும் நீங்கிய நிரலில் பெரும் இரைச்சலாகப் புகுந்தது. காற்றுத் தடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவது நிரல் ஒன்று செய்தேன். அதில் அடிச்சுரங்கள் சற்று மெலிந்துதான் கேட்கின்றன, அந்த இடத்தில் அது பரவாயில்லை.

குறைகளும் உண்டு. மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். அது தொழில்முறையாளருக்கென்று வெளியிடப்படுவது, எனக்கு என் ஓடியோலொஜிஸ்டே நிறுவித் தந்தார். பழைய கம்பிவழிக் கருவிகளோடு இந்தப் பெட்டி பேசாது. அவற்றுக்கு ஹைப்ரோ போன்ற வேறு பெட்டியும் பொருத்தமான கம்பிகளும் தேவை. செவித்துவாரத்தில் நுண்குழாய் வைத்து ஒலியை அளக்கும் சோதனையை வீட்டில் செய்ய இயலாது. ஆகவே திரையில் தெரியும் வளைகோடு ஒரு மதிப்பீடுதான், காதுக்குள் உண்மையில் நிகழ்வதைக் காட்டுவதல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமாக, அதிகபட்ச வெளியீடு என்ற கட்டத்தில் கைவைக்க வேண்டாம். 85 டெசிபெலில் எட்டு மணிநேரம் என்பது வேலைத்தலங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. எஞ்சியுள்ள கேட்கும் திறனையும் தேய்க்கும் வல்லமை அந்த ஒரு கட்டத்துக்கு உண்டு.

கருவி பொருத்தி ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூளை புதிய ஒலிக்குப் பழகும் முன் திருகத் தொடங்கினால் எது பிழை என்றே தெரியாது. தன் கேள்விவரைபை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை) வாசிக்கத் தெரிந்து, சுருதி ஆடுவதை அடையாளம் காணக்கூடிய வாத்தியக்காரருக்கு, ஆறேழு கொழும்புப் பயணச் செலவுக்கு இது நியாயமான பொருள். அடுத்த மாதச் சோதனைக்கு என் மூன்று நிரல்களின் பிரதியையும் எடுத்துச் செல்கிறேன்; இடது காதின் அளவை என் ஓடியோலொஜிஸ்ட் நுண்குழாய் வைத்துப் பார்க்கட்டும்.