காணாமல் போன ஃபான்ட்டின் பெயர்: வேர்டிடம் கேட்பதா, லிப்ரே ஆபீஸிடமா, ஜிப்பைப் பிரிப்பதா?

சொந்தக்காரர் ஒருவர் ஊர்ச் சங்கத்தின் பழைய ஆண்டு மலரை பென் டிரைவில் கொண்டுவந்தார். வேர்டின் பழைய டாக் வகைக் கோப்பு. திறந்தால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் (எழுத்துருவில்) தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இந்த ஐந்தும் மனப்பாடம்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 'தமிழ்' என்ற சொல்தான் அது.

ஃபான்ட் காணாமல் போவதில் இரண்டு வகை உண்டு. தமிழுக்கென்றே தனி எண்கள் தரும் உலகப் பொது முறையான யூனிகோடில் அடித்த கோப்பு என்றால் நட்டம் சிறியது. விண்டோஸ் 10-இல் லதா, விஜயா இரண்டும் தானாக வருவதில்லை. விருப்ப வசதிகளில் போய்த் தமிழ்த் துணை ஃபான்ட்டுகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் லதாவில் அடித்த கடிதம் வேறொரு தமிழ் ஃபான்ட்டில் தெரியும். வரிகள் நகரும், பக்கம் ஒன்று கூடும், அவ்வளவுதான், படிக்க முடியும். பாமினி, டிஸ்கி, அல்லது 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் ஆகிய பழைய குறியேற்றங்களில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறைகளில்) அடித்த கோப்புகளில் கதை வேறு. அங்கே ஃபான்ட் இல்லையென்றால் தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் எண்கள். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது ஃபான்ட் மட்டும்தான். யூனிகோடுக்கு மாற்றுவதாக இருந்தாலும் எதிலிருந்து மாற்றுவது என்று தெரிய வேண்டும். அதனால் பெயர் முக்கியம்.

முதலில் வேர்ட். மேலே இருக்கும் ஃபான்ட் பெட்டியை நம்பாதீர்கள். கணினியில் இல்லாத ஃபான்ட்டின் பெயரையும் இருப்பதுபோலவே காட்டும். கேட்க வேண்டிய இடம் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால், கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் பகுதியில் இருக்கிறது: 'ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்' பொத்தான். அழுத்தினால் இடப்பக்கம் இல்லாத ஃபான்ட், வலப்பக்கம் அதற்குப் பதிலாக வேர்ட் எதை உட்கார வைத்திருக்கிறது என்ற விவரம். எதுவும் குறையவில்லை என்றால் அதையும் சொல்லிவிடும். முழுக் கோப்புக்கும் ஒரே இடத்தில் பட்டியல் கிடைப்பது இதன் பெரிய பலம். எந்தப் பக்கத்தில் அந்த ஃபான்ட் இருக்கிறது என்று மட்டும் சொல்லாது. அதற்குத் தேடல் பெட்டியில் சொல்லைக் காலியாக விட்டு, ஃபார்மட்டில் ஃபான்ட் பெயரைத் தட்டிக் கொடுத்துத் தேட வேண்டும்.

அதே பெட்டியில் 'கன்வர்ட் பெர்மனென்ட்லி' என்று ஒரு பொத்தான் இருக்கும். தொடாதீர்கள். பெயரைப் பார்த்தால் பாமினியை யூனிகோடாக்கும் வேலை போலத் தோன்றும். உண்மையில் அது பழைய பெயரை அழித்துவிட்டு மாற்று ஃபான்ட்டின் பெயரை எழுதுகிறது, வேறொன்றும் செய்வதில்லை. எழுத்துகள் அப்படியே கிடக்கும், அடையாளச் சீட்டு மட்டும் கிழிந்துபோகும். எந்த வழியில் போனாலும் முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இன்னும் நேர்மையானது. கர்சரை வரியில் வைத்தால், கணினியில் இல்லாத ஃபான்ட்டின் பெயர் பெட்டியில் சாய்வெழுத்தில் வரும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். இலவசம் வேறு, பழைய டாக் கோப்புகளையும் திறக்கும். எது இல்லையோ அதற்குப் பதிலாக எதைக் காட்டுவது என்று அமைப்புகளில் நாமே அட்டவணை போடலாம். கோப்பில் இருக்கும் பெயருக்கு ஆபத்தில்லை. குறை என்னவென்றால் கர்சர் நிற்கும் இடத்துக்கு மட்டும்தான் பதில். நாலு பக்கக் கடிதத்துக்கு இது போதும். நூற்றுச் சொச்சம் பக்க மலரில், தலைப்புக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று ஃபான்ட் மாறும் கோப்பில், கர்சரை நகர்த்தியே விரல் தேயும்.

மூன்றாவது வழி கொஞ்சம் கை அழுக்காகும் வேலை. எனக்கு அதுதான் பிடிக்கும். வேர்டின் புதிய கோப்பு வகையான டாக்எக்ஸ் என்பது, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் 'வேர்ட்' என்ற அடைவுக்குள் 'ஃபான்ட்டேபிள்' என்றொரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். பெயர்கள் வரிசையாக அதில் கிடக்கும். திறக்க நோட்பேட் போதும், வேர்டே வேண்டாம். பழைய டாக் கோப்பு இப்படிப் பிரியாது. அதை முதலில் டாக்எக்ஸாகச் சேமிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் கேலிப்ரி, டைம்ஸ் நியூ ரோமன் என்று நாம் தொடாத பெயர்களும் வரும். உங்கள் கணினியில் எது இருக்கிறது, எது இல்லை என்றும் அது சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது நாம்தான்.

ஆனால் வேர்டின் அந்தப் பட்டியலும் ரைட்டரின் ஃபான்ட் பெட்டியும் சொல்லாத ஒன்று பக்கத்து 'டாக்குமென்ட்' கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் ஆஸ்கி, ஹெச்ஆன்சி, சிஎஸ் என்று தனித்தனி ஃபான்ட் இடங்கள் உண்டு. யூனிகோடு தமிழ் சிஎஸ் இடத்தில் இருக்கும் ஃபான்ட்டைப் பிடிக்கும். பாமினி வகையறா ஆஸ்கியிலும் ஹெச்ஆன்சியிலும் உட்கார்ந்திருக்கும். ஃபான்ட்டைத் தேடி நிறுவினால் போதுமா, மொத்தத்தையும் குறியேற்றம் மாற்ற வேண்டுமா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே பெயர் இல்லையென்றால் 'ஸ்டைல்ஸ்' கோப்பைப் பாருங்கள்.

அனுப்பியவரிடம் பிடிஎஃப் இருந்தால் வேலை இன்னும் சுருக்கம். அக்ரோபேட்டில் ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் என்று போனால் பெயர்கள் வந்துவிடும். ஆனால் அந்த பிடிஎஃப் ஃபான்ட் இருந்த கணினியில் செய்ததாக இருக்க வேண்டும். உங்கள் கணினியில் நீங்களே செய்தால் மாற்று ஃபான்ட்டின் பெயர்தான் வரும்.

மலருக்கு நான் வேர்டில் பட்டியல் எடுத்தேன். பிறகு டாக்எக்ஸாக்கிப் பிரித்துச் சரிபார்த்தேன். கட்டுரைகளை யூனிகோடாக்கும் 'மாற்றி' மென்பொருள் கிடைத்துவிட்டது. விளம்பரப் பக்கங்களில்தான் சிக்கல்: யாரோ முன்பே அந்த 'கன்வர்ட் பெர்மனென்ட்லி' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், எல்லாம் டைம்ஸ் நியூ ரோமன். அங்கே எழுத்துகளையே பார்க்க வேண்டியிருந்தது. சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிறைந்திருந்தால் பாமினி வகையைச் சந்தேகிப்பேன். தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் என்றால் டிஸ்கி, டாம், டாப். வந்தது இரண்டாவது. ஒரு வரியை எடுத்து, மாற்றியில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில், டாப் என்று கொடுத்ததும், ஒரு நகைக்கடையின் வாழ்த்து வந்தது.