யாழ்ப்பாணத் தீவகத்தில் கடலோர வீடு பார்க்கிறவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள்

கடலைப் பார்த்தபடி சாய்மனைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்பது என் மனைவியின் நீண்ட நாள் ஆசை. நான் பென்சன் எடுத்ததும் அந்தப் பேச்சு திரும்பக் கிளம்பியது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தரகர் வந்தார். பெயர் எழுதப் போவதில்லை. ஆளைப் பார்த்தால் கோயில் தர்மகர்த்தா மாதிரி இருப்பார், நெற்றி நிறையத் திருநீறு.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாகனத்தில் கூட்டிப் போனார். கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைத் தாம்போதி தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் கடந்து வேலணையின் தென்கரைப் பக்கம். மூன்று பரப்புக் காணி, இரண்டு அறை வீடு, கடலைப் பார்த்த நீள விறாந்தை, இறங்கினால் மணல். கடல் குளம் போலக் கிடந்தது. மாசியில் அந்தக் கடல் அப்படித்தான் கிடக்கும், வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுப் பிடித்தால் யன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்து விரலால் பெயர் எழுதலாம். இது பிறகுதான் தெரிந்தது.

தரகர் நேரே குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்து நீட்டினார். "குடிச்சுப் பாருங்கோ மாஸ்டர். சாட்டித் தண்ணி. தீவாருக்கெல்லாம் இந்தப் பக்கத்துத் தண்ணிதானே." சாட்டி என்பது வேலணைக் கரையில் நல்ல தண்ணீருக்குப் பேர் போன இடம். குடித்தேன். இளநீர்தான். கிணறு எங்கே என்று கேட்டேன். "பின்னுக்கு இருக்கு. பூனைக்குட்டி ஒண்டு விழுந்திட்டுது எண்டு தகரம் போட்டு மூடிக் கல்லு வைச்சிருக்கு. இறைச்சுத் துப்புரவாக்கித் தாறன்." சரி என்றேன். கல்லையும் பார்த்தேன், தகரத்தையும் பார்த்தேன், தூக்கிப் பார்க்கவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால் நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி உவர்நீருக்கு மேலே வில்லை போல மிதக்கிறது, நாம் குடிப்பது அந்த மிதப்பைத்தான் என்று எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருப்பேன். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே அரை அடி இறங்கினால் கீழே 20 அடி போய்விடும். அதனால்தான் கரையோரக் கிணறு மாசியில் சிரிக்கும், ஆவணியில் பல்லை இளிக்கும். சாட்டியில் மணல் மேடு நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது உண்மைதான். ஆனால் மணல் மேடு எங்கே இருக்கிறது, அந்த வீடு எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

சித்திரையில் குடி புகுந்தோம். மூன்றாம் நாள் தாங்கித் தண்ணீர் முடிந்தது. மோட்டரைப் போட்டுத் திரும்ப நிரப்பினோம். அடுத்த நாள் காலமை மனைவி தேத்தண்ணி போட்டாள், பால் திரைந்தது. பால் பழுது என்று வேறு பால் வாங்கினோம், அதுவும் திரைந்தது. குளிக்கப் போனால் சவுக்காரம் நுரைக்க மறுத்தது. பக்கத்து வளவு அக்காவிடம் கேட்டேன்.

"அந்தக் கிணத்துத் தண்ணி கால் கழுவத்தான் மாஸ்டர். நீங்கள் வீடு பார்க்க வந்த அண்டைக்குக் காலமை தண்ணிப் பவுசர் வந்து தாங்கியை நிரப்பினதே."

"அப்ப ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அவவைக் கோவித்து என்ன செய்வது.

தண்ணீரோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மகள் வந்தால் தங்க ஒரு அறை இறக்கலாம் என்று நில அளவையாளர் ஒருவரைக் கூப்பிட்டோம். சின்னப் பெடியன். காணிப் படத்தை விரித்து, நாடாவைப் பிடித்து, அங்கும் இங்கும் நடந்தான். பிறகு விறாந்தையின் நடுத்தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "ஐயா, உங்கட காணி இந்தத் தூணோட முடியுது."

தூணுக்கு அங்கால் பாதி விறாந்தை, படிக்கட்டு, மதில், மதிலில் கடலுக்குப் போகிற இரும்புக் கேற். எல்லாம் அரச காணி. காணி உறுதியை எடுத்துப் பார்த்தால் தெற்கெல்லை அரச காணி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உறுதி எழுதின நொத்தாரிசு, தரகர் கொண்டுவந்த ஆள், வேகமாக வாசித்தார், நாங்கள் தலையாட்டினோம். காசு மிச்சம் பிடிக்க, தோம்பு என்கிற காணிப் பதிவேட்டைப் பார்க்க வேறு சட்டத்தரணியை வைக்கவில்லை. அப்படி மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்று இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் வெளித்தது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டிடம் எழுப்பக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இந்த வீட்டுக்கு அப்படி ஒரு கடதாசியே இல்லை. பிரதேச சபை வரி ரசீதைக் காட்டி "எல்லாம் கிளியர்" என்றார் தரகர். வரி கட்டின ரசீது வரி கட்டினதற்கு மட்டும்தான் சாட்சி.

அந்த மதில், கடற்றொழிலாளிகள் தோணி ஏற்றுகிற பாதையையும் மறித்திருக்கிறது. இரண்டு பேர் வந்து மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "முந்தின ஆளோட சண்டை பிடிச்சுக் களைச்சுப் போனம், மாஸ்டர். நீங்களாவது பாருங்கோ." அடுத்த கிழமையே ஆள் பிடித்து அந்தப் பக்க மதிலை உடைத்தேன். அந்தக் கூலியும் என் கையால்.

விற்றவர் வெளிநாட்டில். கையெழுத்து வைத்தவர் அவருடைய அற்றோணித் தத்துவக்காரர், அதாவது அவருக்காகக் கையெழுத்து வைக்கப் பத்திரம் மூலம் அதிகாரம் பெற்றவர். இந்த விசயத்தில் நாங்கள் தப்பியது அதிர்ஷ்டம். தத்துவம் கொடுத்தவர் கண்ணை மூடினால் அந்தப் பத்திரமும் அதோடு செத்துப்போகும், ஆள் இருக்கிறாரா என்று நாங்கள் ஒரு வீடியோ கோல் கூட எடுக்கவில்லை. காணியில் பங்குக்காரர் இருக்கிறார்களா என்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குக்காரருக்கு மற்றவர்களுக்கு முந்தி வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அறிவிக்காமல் எழுதின உறுதியை வழக்குப் போட்டுக் கிளறலாம்.

தரகருக்குக் கோல் எடுத்தால் "நான் காட்டினனான், நீங்கள் வாங்கினனீங்கள்" என்கிறார். பொலிசில் இது சிவில் விசயம் என்றார்கள். சட்டத்தரணி வழக்குப் போடலாம் என்கிறார், எத்தனை வருடம் என்று கேட்டால் சிரிக்கிறார். பத்து நாளைக்கு ஒருக்கால் பவுசர் எங்கள் படலைக்கும் வருகிறது, இப்போது காசு கொடுப்பது நான்.

போன சனிக்கிழமை காலமை பவுசர் எங்கள் படலையைத் தாண்டிப் போய், பூட்டிக் கிடக்கிற மூன்றாவது வளவுக்குள் பின்பக்கமாக ஏறியது. பின்னேரம் நாலு மணிக்கு அதே வாகனம். இறங்கினது ஒரு இளம் சோடி, கையில் குழந்தை. தரகர் என்னைக் கண்டும் காணாத மாதிரி நின்றார். நான் வேலியடிக்குப் போய், "தங்கச்சி, முதல் அந்தக் கிணத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கோ" என்றேன்.