புராஜெக்ட் கோப்பின் உள்ளும் புறமும்: படத்தொகுப்பு மென்பொருட்களோடு நெடுநாள் பழகியதில் தெரிந்தவை

படத்தொகுப்பு மென்பொருள் ஒன்று கைக்கு வந்த சில வாரங்களுக்குள் எழுதப்படும் மதிப்புரைகள் வெட்டும் வேகம், வண்ணத் திருத்தம், எஃபெக்ட்டுகள் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. அதே மென்பொருளில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு அதன் குணம் வேறோர் இடத்தில் பிடிபடுகிறது. முன்பு முடித்துக் கொடுத்த வேலை ஒன்றைச் சிறு திருத்தத்துக்காக மீண்டும் திறக்கும்போது, அது திறக்கிறதா, திறந்தால் காட்சிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்பதுதான் அந்தச் சோதனை. பிரீமியர் புரோவிலும் டாவின்சி ரிசால்விலும் தொடர்ந்தும், ஃபைனல் கட் புரோ, கேடென்லைவ் ஆகியவற்றில் தேவை வந்தபோதும் வேலை செய்ததில், புராஜெக்ட் ஒழுங்கமைப்பில் எழும் சிக்கல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மென்பொருளுக்குள் தெரியும் குழப்பங்களில் பெரும்பாலானவை வெளியே, ஹார்டு டிஸ்கில் பிறந்தவை என்பதும், அங்கே போய்த்தான் அவற்றைத் தீர்க்க முடியும் என்பதும் என் முடிவு.

புராஜெக்ட் கோப்புக்குள் காணொளி இருப்பதில்லை. பல நூறு ஜிபி ரஷ் (வெட்டப்படாத மூலக் காட்சிகள்) கொண்ட ஒரு வேலையின் புராஜெக்ட் கோப்பு சில மெகாபைட் அளவில் இருப்பதற்குக் காரணம், அது ஒரு முகவரிப் புத்தகம் போல, எந்தக் கிளிப் எந்த டிரைவில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, அதில் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை எடுக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்துவைத்திருக்கிறது என்பதே. பிரீமியரின் புராஜெக்ட் கோப்பு, ஜிசிப் முறையில் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல், அதாவது குறிச்சொற்களோடு கூடிய உரை, ஆகும். கேடென்லைவின் கோப்பு சுருக்கப்படாத எக்ஸ்எம்எல் ஆகும். ஏதேனும் கிளிப் எங்கே போயிற்று என்று புரியாதபோது, புராஜெக்ட் கோப்பைப் படியெடுத்து, அந்தப் படியை விரித்து, உரைத் திருத்தி ஒன்றில் திறந்து கிளிப்பின் பெயரைத் தேடுவது என் வழக்கம். அது கடைசியாக எந்த முகவரியில் இருந்தது என்பது அங்கே எழுத்துக்கு எழுத்து கிடைத்துவிடும். மென்பொருளின் உரையாடல் பெட்டிகளில் அலைவதைவிட இது விரைவானது.

கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லும் 'மீடியா ஆஃப்லைன்' என்ற சிவப்புத் திரை தோன்றினால் பலரும் உடனே ரீலிங்க் செய்யத் தொடங்குகிறார்கள், அதாவது கிளிப்பைக் கோப்போடு மீண்டும் இணைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் டிரைவின் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸில் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று நேற்று 'இ' டிரைவாக இருந்து, இன்று இன்னொரு டிஸ்க் முன்னதாக இணைக்கப்பட்டிருந்த காரணத்தால் 'எஃப்' டிரைவாக வந்திருக்கலாம். மேக் கணினியில் ஒரே பெயருள்ள இரு டிஸ்குகள் சேர்ந்து இணைக்கப்பட்டால், பின்னால் வந்ததன் பாதையில் ஓர் எண் ஒட்டிக்கொள்கிறது. இரண்டிலும் கோப்புகளுக்கு எதுவும் நேரவில்லை. முகவரி மட்டும் மாறியிருக்கிறது. மென்பொருளைச் சேமிக்காமல் மூடிவிட்டு, டிஸ்க் மேலாண்மைப் பகுதியில் பழைய எழுத்தையே திரும்ப ஒதுக்கினால், அல்லது மேக்கில் இரு டிஸ்குகளையும் கழற்றிச் சரியானதை முதலில் இணைத்தால், ரீலிங்க் என்ற வேலையே வேண்டியிருக்காது. ஒவ்வொரு வெளி டிஸ்குக்கும் அகரவரிசையின் கடைசிப் பகுதியில் நிலையான எழுத்து ஒன்றை ஒதுக்கிவிட்ட பிறகு இந்தச் சிக்கல் எனக்குத் திரும்ப வரவில்லை.

ஆஃப்லைன் ஆன கிளிப் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. தவறான கோப்போடு இணைந்துவிட்ட கிளிப் தெரிவதில்லை. நான் கண்டவற்றுள் மிகவும் ஆபத்தான சிக்கல் இதுவே. பல கேமராக்கள் ஒவ்வொரு கார்டிலும் சி0001 என்றே எண்ணத் தொடங்குவதால், பல நாள் படப்பிடிப்பில் ஒரே பெயருள்ள கோப்புகள் கார்டுதோறும் பிறக்கின்றன. வேறொரு தொகுப்பாளரிடமிருந்து என்னிடம் வந்த நேர்காணல் வேலை ஒன்றில், கோப்புறைகள் இடம் மாற்றப்பட்டிருந்த நிலையில் மொத்தமாக ரீலிங்க் செய்யப்பட்டிருந்தது. கிளிப்புகள் வரிசையாக அடுக்கப்படும் டைம்லைனில் சிவப்புத் திரை எங்கும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆனால் பேசுபவரின் உதட்டசைவு ஓரிடத்தில் குரலோடு ஒட்டாமல் போக, ஒலிப் பொருத்தத்தில் பிழை என்றே முதலில் தோன்றியது. கூர்ந்து பார்த்தபோது, அவருடைய சட்டை அதே நிறமாக இருந்தாலும், பின்னாலிருந்த சன்னலின் வெளிச்சம் வேறு கோணத்தில் விழுந்திருந்தது. முதல் நாளின் சி0014 இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் நாளின் சி0014 அமர்ந்திருந்தது. கேமரா வேறு, நாள் வேறு, பெயர் மட்டும் ஒன்று.

பெயரை மட்டும் பார்த்து இணைப்பதால் வருவது இது. பிரீமியரின் இணைப்புப் பெட்டியில் கோப்பின் பெயரோடு தொடக்க டைம்கோடு (காட்சியோடு கேமரா பதியும் நேர எண்) போன்ற பிற அடையாளங்களையும் பொருத்திப் பார்க்கும் தேர்வுகள் உள்ளன. அவற்றைக் குறித்துவிட்டு இணைப்பது நல்லது. மற்ற கோப்புகளையும் தானாக இணைக்கும் தேர்வை, முதல் சில கிளிப்புகளை ஒவ்வொன்றாக இணைத்துச் சரிபார்த்த பிறகே இயக்க வேண்டும். கேமராவின் டைம்கோடு ஒவ்வொரு கிளிப்புக்கும் சுழியத்திலிருந்து தொடங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால் இந்தக் காவலும் பயன்படாது. அந்நிலையில் கிளிப்பின் நீளத்தை ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி அரிது.

ஆகவே, உள்ளே சேர்ப்பதற்கு முன்பே தேதி, கேமரா, கார்டு ஆகிய மூன்றையும் கோப்பின் பெயருக்கு முன்னொட்டாகச் சேர்ப்பதே முறையான தீர்வு. ஒரு விலக்கு உண்டு. ஏவிசிஎச்டி போலக் கார்டுக்குள் தனக்கெனக் கோப்புறை அமைப்பைக் கொண்ட வடிவங்களில், உள்ளே இருக்கும் எதையும் தொடக்கூடாது. நீண்ட ஒரே ஷாட் பல துண்டுகளாக எழுதப்பட்டிருக்கும்போது அவற்றை ஒன்றாகக் காட்ட மென்பொருள் அந்த அமைப்பை நம்பியிருக்கிறது. அங்கே வெளிக் கோப்புறைக்கு மட்டும் பெயரிட்டு, முழுக் கார்டையும் அப்படியே படியெடுக்க வேண்டும். கோப்ரோ கேமராக்களின் பெயரிடலையும் இங்கே குறிப்பிடலாம். நீண்ட ஷாட்டின் இரண்டாம் துண்டுக்கு ஜிஎக்ஸ்020034 என்று பெயர் வருகிறது. துண்டின் எண் முன்னாலும் ஷாட்டின் எண் பின்னாலும் இருப்பதால், பெயர்வரிசையில் அடுக்கினால் முதல் துண்டுகள் எல்லாம் ஓரிடத்திலும் இரண்டாம் துண்டுகள் எல்லாம் வேறோர் இடத்திலும் போய்ச் சேருகின்றன. மென்பொருளுக்குள் கிளிப்புகளைப் பிரித்துவைக்கும் 'பின்' என்ற பகுதியில், எடுக்கப்பட்ட நேரத்தைக் கொண்டு அடுக்கினால் சரியாகிவிடும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுவோர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 'கோவில்' என்ற பெயரின் முதல் எழுத்திலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். மேக் கணினிகளில் முன்பு வழக்கிலிருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அத்தகைய டிஸ்கிலிருந்து லினக்ஸ் கணினிக்குப் படியெடுக்கப்பட்ட கோப்பைத் தேடும்போது, திரையில் இரு பெயர்களும் ஒரே மாதிரித் தெரிந்தாலும், கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்களாக இருக்கக்கூடும். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் வரும் கோப்புகள் மட்டும் ஆஃப்லைன் ஆகி மற்றவை எல்லாம் சரியாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். பின்களுக்கும் டைம்லைன்களுக்கும் தமிழ்ப் பெயர் வைப்பதில் இடையூறு ஏதுமில்லை. பல கணினிகளுக்கு இடையே நடமாடும் மூலக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணுமே பாதுகாப்பு. விண்டோஸில் முழுப் பாதையின் நீளத்துக்கு வழக்கமாக உள்ள 260 எழுத்து வரம்பும் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்குபவர்களைச் சிக்கவைப்பதுண்டு.

மென்பொருட்களின் அணுகுமுறைகளில் உள்ள வேறுபாடு, சிக்கலைத் தேட வேண்டிய இடத்தையும் மாற்றிவிடுகிறது. ரிசால்வில் புராஜெக்ட் என்பது தனிக் கோப்பாக டெஸ்க்டாப்பில் இருப்பதில்லை. 18ஆம் பதிப்பு முதல் 'புராஜெக்ட் லைப்ரரி' என்று அழைக்கப்படும் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. வேலையை வேறு கணினிக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் காட்சிக் கோப்புறையை மட்டும் படியெடுத்துச் சென்றுவிட்டுப் புராஜெக்ட்டைக் காணவில்லை என்று தேடுவது இதனால்தான். புராஜெக்ட்டைத் தனியே எக்ஸ்போர்ட் செய்தால் தொகுப்பு விவரம் மட்டும் வரும். காட்சிகளும் சேர்ந்து வர வேண்டுமானால் ஆர்க்கைவ் என்ற கட்டளை தேவை. ஃபைனல் கட் புரோவில் லைப்ரரி என்ற ஒற்றைப் பொதிக்குள் எல்லாவற்றையும் படியெடுக்கலாம், அல்லது கோப்புகளை இருந்த இடத்திலேயே விட்டு இணைப்பு மட்டும் வைக்கலாம். ஒரே லைப்ரரியில் இரு முறைகளையும் கலந்து பயன்படுத்தினால், எந்தக் கிளிப் உள்ளே இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்பது சில மாதங்களில் எவருக்கும் நினைவிருக்காது. தனியாக வேலை செய்பவருக்கு லைப்ரரி முறை வசதியானது. பலர் சேர்ந்து செய்யும் வேலைக்குக் கோப்புகளை வெளியே வைக்கும் முறையே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

பின்களை அடுக்குவதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பின் என்பது டிஸ்கிலுள்ள கோப்புறை ஆகாது, ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் நிகழ்வதில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். டிஸ்கில் கோப்பின் பெயரை மாற்ற விரும்புவோர், பின்னில் மாற்றிவிட்டு டிஸ்கிலும் மாறியிருக்கும் என்று நம்புவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. புராஜெக்ட் திறக்க நெடுநேரம் எடுத்தால், பழைய சீக்வென்ஸ்களின் (தொகுத்த டைம்லைன்களின்) படிகள் குவிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் புராஜெக்ட் கோப்பையே புதிய எண்ணோடு சேமித்து, பழைய சீக்வென்ஸ்களை அன்றைய கோப்போடு விட்டுவந்தால் நடப்புக் கோப்பு இலேசாக இருக்கும். மிகப் பெரிய வேலைகளுக்கு 2020இல் பிரீமியரில் வந்த 'புரொடக்‌ஷன்ஸ்' வசதி, ஒரே வேலையைப் பல புராஜெக்ட்டுகளாகப் பிரித்து, காட்சிகளைத் திரும்பத் திரும்பச் சேர்க்காமல் அவற்றுக்கிடையே பகிர்ந்துகொள்ள உதவுகிறது. திடீரென்று திறக்க மறுக்கும் கோப்புக்கு, புதிய வெற்றுப் புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி அதற்குள் பழையதை இறக்குமதி செய்வது பல நேரங்களில் பலன் தருகிறது.

மென்பொருள் வேகத்துக்காகத் தற்காலிகமாக உருவாக்கிவைக்கும் கேச் கோப்புகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நீக்கினால் மென்பொருள் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும், சிறிது நேரம் மட்டுமே செலவாகும். தொகுக்க எளிதாக இருக்க மூலத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சிறிய படிகளான புராக்ஸிகள் அப்படியல்ல. மூலத்தில் நான்கு ஒலிச் சேனல்கள் இருந்து, வெளியே தயாரிக்கப்பட்ட புராக்ஸியில் இரண்டு மட்டும் இருந்தால், இணைக்கும் கட்டத்தில் பிரீமியர் மறுத்துவிடும். கைப்பேசியில் எடுத்த, பிரேம் வேகம் நிலையற்ற காட்சிகளைத் தொகுக்கத் தொடங்கும் முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்; பாதி வேலையில் மாற்றினால் வெட்டுகள் எல்லாம் சில பிரேம்கள் நகர்ந்து நிற்கும். மேகச் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறைக்குள் நடப்புப் புராஜெக்ட்டை வைப்பதை நான் அறவே தவிர்க்கிறேன். இரு கணினிகளில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட கோப்பு முரண்பட்ட இரு படிகளாகப் பிரிந்துவிட்டால், எதில் எந்தத் திருத்தம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது தொகுப்பதைவிடக் கடினமான வேலை.

வேலை முடிந்த பின் எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்ட, பிரீமியரில் புராஜெக்ட் மேனேஜர் உள்ளது. ரிசால்விலும் கேடென்லைவிலும் ஆர்க்கைவ் வசதிகள் உள்ளன. திரட்டிய படியை, மூல டிஸ்கைக் கழற்றிவிட்டு வேறு கணினியில் திறந்து பார்க்காதவரை அது முழுமையானது என்று கொள்ளக்கூடாது. அப்போது பெரும்பாலும் குறைவது பிளகின்களும் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) எழுத்துருக்களும்தான். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்த தலைப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். யூனிகோடில் அடித்தவற்றிலும், பிரீமியரின் விருப்ப அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான உரை இயக்கி தேர்ந்தெடுக்கப்படாவிட்டால், கொம்புகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கலாம். ஆகவே, உரிமம் அனுமதிக்குமானால் எழுத்துருக் கோப்புகளையும் அதே கோப்புறையில் படியெடுத்து வைத்துவிட்டு, மென்பொருளின் பதிப்பு எண், பிளகின்களின் பெயர்கள், தலைப்புகளின் முழு வாசகம் ஆகியவற்றை ஓர் எளிய உரைக் கோப்பில் எழுதி அதனுடன் சேர்த்துவிடுகிறேன்.