ஒரு லிட்டர் மின்திரட்டல் செட்: சாயக்கழிவுநீருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

அக்ரிலிக் தொட்டி, நான்கு அலுமினியத் தகடு, நான்கு இரும்புத் தகடு, 30 வோல்ட் 5 ஆம்பியர் டிசி பவர் சப்ளை, ஒரு மேக்னடிக் ஸ்டிரர் (காந்தக் கலக்கி). சாயக்கழிவுநீரை மின்சாரத்தால் தெளியவைக்க ஆய்வகங்கள் வாங்கும் செட்டில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். மின்சாரம் விட்டால் தகட்டு உலோகம் கரைந்து, சாயத்தைப் பிடித்துத் திரளாகப் பிரிக்கும்; இதுதான் மின்திரட்டல். கூடவே ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் தகடு ஒன்றையும் தனி விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். செட் நல்ல சாமான். டைட்டானியம் தகடு விஷயம் வேறு.

முதல் சிக்கல் பரப்பளவுக் கணக்கு. ஒரே உலோகத்தின் நான்கு தகடுகளை நேர், எதிர், நேர், எதிர் என்று மாற்றி நிறுத்தினால், ஓரத்து நேர்முனைக்கு ஒரு முகம்தான் வேலை செய்யும். நடுவில் இருப்பதற்கு இரண்டு. ஒவ்வொரு தகடும் 5 × 7 செ.மீ. மூழ்கியிருந்தால் மொத்தம் 105 சதுர செ.மீ.; 140 அல்ல. 2 ஆம்பியர் விட்டால் சதுர செ.மீ.க்கு 19 மில்லி ஆம்பியர் வரும். தொடங்க அது போதும்.

உப்பு குறைந்த நீரில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் குளோரைடு சேர்த்தால் கடத்துதிறன் செ.மீ.க்கு 3 மில்லி சீமென்ஸ் அளவுக்கு வரும். ரியாக்டிவ் சாய (பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பாகும் சாயம்) தொட்டி நீரில் உப்பு ஏற்கெனவே தாராளமாக இருக்கும், அதில் சேர்க்க வேண்டாம். ஆனால் அதன் பி.எச். 10க்கு மேல் நிற்கும். அங்கே அலுமினியம் திரளாகாமல் அலுமினேட்டாக (நீரில் கரையும் அலுமினிய வடிவம்) கரைந்தே கிடக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு 6க்கு இறக்குங்கள். கந்தக அமிலம் வேண்டாம், சல்பேட் மிகுந்தால் தகட்டில் ஆக்சைடுப் படலம் சீக்கிரம் இறுகிவிடும்.

2 ஆம்பியரில் 20 நிமிடம் ஓட்டினால் ஃபாரடே கணக்குப்படி (பாய்ந்த மின்சாரத்திலிருந்து கரையும் உலோகத்தைக் கணிப்பது) 0.22 கிராம் அலுமினியம் கரையும். எடைபோட்டுப் பார்த்தால் இழப்பு அதைவிடக் கூடுதலாகவே தெரியும்: எதிர்முனை அருகே காரம் ஏறி அந்தத் தகட்டையும் அரிக்கிறது. அதனால் நேர்முனை, எதிர்முனை இரண்டின் தகட்டையும் எடைபோட வேண்டும். அதே ஓட்டத்தில் சுமார் 0.3 லிட்டர் ஹைட்ரஜனும் வரும். மூடியைத் திறந்தே வையுங்கள்.

மின்னோட்டத்தை மாற்றாமல் வைத்திருந்தும் வோல்ட் 8இலிருந்து 14க்கு ஏறினால், குற்றம் பவர் சப்ளையில் இல்லை, தகட்டுப் படலத்தில். 15 நிமிடத்துக்கு ஒருமுறை முனைகளை மாற்றுங்கள். இந்த வேலைக்கு ஒரு சுவிட்ச் வைக்காமல் விட்டது செட்டின் பெரிய குறை. இடைவெளியை 1 செ.மீ.யிலிருந்து பாதியாக்கினால் மின்செலவு மிச்சமாகும்தான், ஆனால் திரள் இடையில் சிக்கிக்கொள்ளும்.

டிஸ்பெர்ஸ் சாயமும் இண்டிகோவும் நீரில் கரையாமல் துகளாக மிதப்பவை, அதனால் எளிதில் திரளோடு போகும். ரியாக்டிவ் அடம்பிடிக்கும். இரும்புத் தகட்டில் நீர் இளம்பச்சையாக வந்தால் இன்னும் ஃபெரஸ் (முழுதாக ஆக்சிஜனேறாத இரும்பு) மிச்சம் என்று அர்த்தம், பி.எச். 7–8இல் காற்றடித்துத் துருப்பழுப்பு ஆக்காமல் அளந்தால் சி.ஓ.டி.யும் (நீரிலுள்ள கரிமத்தை வேதியியல் ஆக்சிஜன் தேவையாகக் காட்டும் எண்) பொய்யாக ஏறும். நிறம் அளக்க 0.45 மைக்ரான் வடிகட்டி, எல்லா மாதிரிக்கும் ஒரே பி.எச். பி.எச். மாறினாலே நிறம் மாறும் சாயங்கள் உண்டு.

இப்போது அந்த டைட்டானியம் தகடு. உப்புநீரில் அது குளோரின் தயாரிக்கும். அதிலிருந்து வரும் ஹைப்போகுளோரைட், சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பை உடைத்ததும் சில நிமிடங்களில் நீர் வெளுத்துவிடும். விற்பனையாளர் காட்டும் வித்தை இதுதான். உடைந்த வளையத் துண்டுகள் நீரில்தான் இருக்கின்றன, சி.ஓ.டி. அதே வேகத்தில் இறங்காது, போதாக்குறைக்கு குளோரின் ஏறிய கரிமங்களும் உருவாகலாம். மாதிரியில் மிஞ்சிய குளோரினை சோடியம் சல்ஃபைட்டால் அடக்காமல் அளந்தால் எண் தவறும். சல்ஃபைட்டை அதிகம் கொட்டினால் அதுவே சி.ஓ.டி. சோதனையில் சேர்க்கும் டைக்ரோமேட்டைத் தின்று சி.ஓ.டி.யாகக் காட்டும். கரிமத்தை முழுதாக எரிக்க வேண்டுமென்றால் போரான் கலந்த வைர மின்முனை வேண்டும். விலை அதிகம், அதிலும் குளோரைடு நீரில் பெர்குளோரேட் என்ற நச்சுப்பொருள் வரும் ஆபத்து உண்டு.

தகட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு இரண்டு ஜோடி அலுமினியத் தகடும் முனை மாற்றும் சுவிட்சும் வாங்கிக்கொள்ளலாம்.