நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும்

இரண்டும் ஏரிக்கரை நாரைகள்தான். ஆனால் சாப்பிடும் விதத்தில் ஒற்றுமையே இல்லை.

நத்தைகுத்தி நாரைக்கு முக்கிய உணவு ஆப்பிள் நத்தை. அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. நத்தையின் ஓட்டை நொறுக்கித் தின்னும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. கூர்மையான கீழலகு நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்து, சதையை உருவி எடுக்கிறது. கீழே கிடக்கும் ஓடுகள் பெரும்பாலும் உடையாமலே இருக்கும். எனக்கு இதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

மஞ்சள்மூக்கு நாரை மீனைத் தேடுவது தொடுவுணர்வால். பாதி திறந்த அலகைத் தண்ணீரில் ஆழ்த்தி இடவலமாக அசைக்கும். மீன் பட்டதும் டப்பென்று மூடும்.

கூடு விஷயத்தில் இரண்டும் ஒரே மாதிரி: மழை பெய்து ஏரி நிறைந்தபின், மரங்களில், கூட்டமாக. நத்தைகுத்தியை வேடந்தாங்கலில் பாருங்கள். மஞ்சள்மூக்கு நாரைக்கு நெல்லை மாவட்டக் கூந்தன்குளம்; அங்கே வீட்டோர மரங்களில்கூடக் கூடு வைக்கிறது, ஊர்மக்களும் விரட்டுவதில்லை. ஒரு நாள்தான் நேரம் என்றால் நான் கூந்தன்குளத்துக்கே போவேன். குஞ்சுக்கு மீன் ஊட்டுவதை அவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம்.