பதினொரு வருடம், ஐந்து பேட்டரி: மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு என் அனுபவம்

"பேட்டரி வீக் ஆயிடுச்சு சார், மாத்திடுங்க." கடைக்காரர் சொன்ன இந்த ஒரு வார்த்தையை நம்பி 2018க்கும் 2020க்கும் நடுவில் மூன்று பேட்டரி வாங்கினேன். 2021 மார்கழியில் அதையே மறுபடி சொன்னபோது வாங்கவில்லை. அப்போது தெரிந்துகொண்டதை, அப்புறம் இத்தனை வருடம் ஓட்டிப் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டி 2014 கடைசியில் வாங்கிய 150 சிசி பைக். கார்புரேட்டர், செல்ஃப் இருக்கிறது, கிக்கரும் இருக்கிறது, 12 வோல்ட் 9 ஆம்பியர்-அவர் பேட்டரி. காட்பாடியிலிருந்து சேவூர், திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருவதுதான் இதன் பிழைப்பு. முதல் ஷிப்ட் 6 மணிக்கு என்பதால் 5 மணி தாண்டியதும் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எந்த மெக்கானிக்கையும் எழுப்ப முடியாது, பஸ்ஸையும் நம்ப முடியாது.

கம்பெனியிலிருந்து வந்த முதல் பேட்டரி நான்கு வருடம் ஓடியது. அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. 2018இல் போட்ட இரண்டாவது, மேலே ஆறு மூடி இருக்கும் பழைய வகை. கத்திரி வெயிலில் தண்ணீர் மட்டம் கீழ்க்கோட்டுக்குப் போனதைப் பார்த்து வீட்டில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றினேன். அது என் தப்பு. குடிக்கிற தண்ணீரில் இருக்கும் தாதுக்கள் தகடுகளைக் கெடுக்கும், டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. பதினான்கு மாதத்தில் போய்விட்டது. மூன்றாவது, 2020 ஊரடங்கில் வண்டி வெயிலில் ஷீட் கொட்டகைக்குக் கீழே மாதக்கணக்கில் நின்றபோது செத்தது. சார்ஜ் இல்லாமல் கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரியில் தகடுகள்மேல் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய நிலைக்கு வராது. அந்த ஆவணியில் நான்காவது வாங்கினேன், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் செய்த வகை.

அதுவும் பதினாறே மாதத்தில், மார்கழி பனியில் "டிக் டிக் டிக்" என்று ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் ரிலேயின் சத்தம் மட்டும் கொடுத்தது. கடையில் அதே வார்த்தை. அன்று மாலை, வேலூரில் பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. "மீட்டர் வச்சுப் பாக்காம பேட்டரிமேல பழி போடாத தம்பி, போட்ட பேட்டரி எல்லாம் போவுதுன்னா போடுற எடத்துல இன்னாவோ கீது" என்றார். மறுநாளே 350 ரூபாய்க்கு, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கிற ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த வண்டிக்குச் செய்த செலவிலேயே உருப்படியான செலவு அதுதான்.

இரவெல்லாம் நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரி முனைகளில் 12.3 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6லிருந்து 12.8 வரை காட்ட வேண்டும், 12க்குக் கீழே வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி என்று அர்த்தம். ஸ்டார்ட் பட்டனை அமுக்கியபோது 9.2க்கு இறங்கியது, 10க்கு மேலே நின்றால்தான் எனக்குத் திருப்தி. இதுவரை பார்த்தால் பேட்டரிதான் குற்றவாளி மாதிரி தெரியும், பெரும்பாலான கடைகளில் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கிக்கரில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து அளந்தபோது பேட்டரியில் 13.1தான் வந்தது. 14க்குப் பக்கத்தில் வர வேண்டிய இடம் அது. அதே நேரத்தில், பேட்டரிக்குப் போகும் சார்ஜைச் சீராக்கி அனுப்புகிற ரெகுலேட்டரின் வாயிலேயே அளந்தால் 14.3! அதாவது உற்பத்தி சரியாக இருக்கிறது, வழியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. பேட்டரி பதினாறு மாதமாக அரைவயிறாகவே இருந்திருக்கிறது.

வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றைப் பெயின்ட் இல்லாத என்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்க வேண்டும். நல்ல எர்த் (பேட்டரியின் நெகட்டிவை என்ஜினோடு சேர்க்கும் இணைப்பு) என்றால் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டும். எனக்கு 0.9 காட்டியது. எர்த் ஒயர் என்ஜினில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்குக் கீழே பெயின்ட்டும் துருவும் ஒன்றாகப் படிந்திருந்தது. ரெகுலேட்டர் ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரைப் பிரித்தால் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது, ஒரு பின் சூடேறி பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பாகியிருந்தது. அந்த நவம்பரில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் வெள்ளம் போனது நினைவிருக்கும், அந்த மழை முழுக்க வண்டி நனைந்துகொண்டே ஓடியது. துரு பழையது, பச்சை புதியது என்று நினைக்கிறேன்.

போல்ட்டையும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். கப்ளரின் பின்களைச் சுத்தம் செய்து, சூடான அந்தப் பின்னை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார் பாய். பேட்டரியைக் கழற்றி 0.9 ஆம்பியரில் ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் போட்டேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் சேஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மறுநாள் 12.7, பட்டன் அமுக்கினால் 10.4, ஓடும்போது 14.1. கடையில் செத்துவிட்டது என்ற அதே பேட்டரி 2024 ஆனி வரை உழைத்தது.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரமே காலையில் செல்ஃப் ஜோராகச் சுற்றியது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றுவது ஒரு நோய், வேகமாகச் சுற்றியும் பிடிக்காதது வேறு நோய். இரண்டாவதற்குப் புது பேட்டரி எந்த உதவியும் செய்யாது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால்தான் சோக் போட்டு பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுகிறோம். என் வண்டியில் சோக் லீவரை முழுக்க இழுத்தும் கேபிள் தொய்ந்து போனதால் கார்புரேட்டர் பக்கம் பாதிதான் அசைந்தது. வெயில் காலத்தில் சோக்கே தேவைப்படாததால் இது எத்தனை வருடமாக இப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. கேபிளை மாற்றி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, பிளக் மாற்றியதும் ஒரே அமுக்கில் பிடித்தது. சோக் போட்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் மனதில் பதிந்தது, முறுக்கினால் அந்தக் கூடுதல் பெட்ரோல் வராமல் போகிறது. இதெல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால் வால்வ் கிளியரன்ஸ், அதாவது என்ஜின் வால்வுக்கு விடுகிற சின்ன இடைவெளி, பார்க்கச் சொல்லுங்கள், அது இறுகிப்போனால் காலையில் கம்ப்ரஷன் குறையும். ஆயில்மேல் பழி போடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நம் ஊர்க் குளிரில் சரியான ஆயில் அப்படியொன்றும் உறைந்துவிடாது.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது குளிர் இல்லை, வெயில். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பழைய கணக்கு. சித்திரை, வைகாசியில் உள்ளே நடக்கிற சேதம் மார்கழியில்தான் வெளியே தெரிகிறது. அதனால் நான் இப்போது மீட்டரை எடுப்பது ஐப்பசியில், மழைக்கு நடுவில்.

2023இல் இன்னொன்று கண்டுபிடித்தேன். ஹேண்டில் பாரில் மொபைல் சார்ஜர் மாட்டியவர் ஒயரை நேரடியாகப் பேட்டரியில் கொடுத்துவிட்டார். சாவியை எடுத்த பிறகு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்த்தால் 18 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 0.43 ஆம்பியர்-அவர். பத்து நாள் ஊருக்குப் போனால் பாதி பேட்டரி காலி. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயருக்கு அதை மாற்றியதும் 1 மில்லிக்குக் கீழே வந்துவிட்டது. இந்தச் சோதனையில் மறந்தும் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டர் பியூஸ் போய்விடும்.

கூட வேலை செய்யும் தம்பியிடம் பி.எஸ். 6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி இருக்கிறது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், கிக்கர் கிடையாது, ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. அதில் பேட்டரி ரொம்ப இறங்கினால் பெட்ரோல் பம்ப்பும் ஓடாது, தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கஷ்டம். சாவி போட்டதும் பம்ப் சத்தம் நிற்கும் வரை பொறுத்து அமுக்கச் சொன்னேன், அவசரத்தில் சாவியும் பட்டனும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தான். எர்த் போல்ட்டைப் பார்த்துச் சுத்தம் செய்ததும் அந்த வண்டியும் இப்போது ஒழுங்காக இருக்கிறது.

போன தை மாதம் ஏலகிரியில் ஒரு ராத்திரி வண்டி வெளியிலேயே நின்றது. காலையில் டேங்க்மேல் பனி சொட்டியது. ஹெட்லைட் ஆஃப், சோக் முழுக்க, மூன்று நொடி அமுக்கி, பத்து நொடி விட்டு மறுபடி அமுக்கினேன். இரண்டாவது அமுக்கில் பிடித்தது. அரை நிமிடம் கழித்து சோக்கைப் பாதியாக்கி, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி வாணியம்பாடியில் டீ குடித்தேன். இப்போது இருக்கும் ஐந்தாவது பேட்டரிக்கு ஒன்றரை வருடம் ஆகிறது, இன்று காலை 12.7 காட்டியது.