ஜெர்மனியில் தன்னார்வச் சேவை: முதல் மூன்று வாரங்களுக்கு ஐந்தில் மூன்றரை

ஜெர்மனியில் ஓராண்டு தன்னார்வத் தொண்டராக இருக்க விரும்பும் நம் இளைஞர்களுக்குக் கைக்காசு அதிகம் செலவாகாத வழிகளுள் ஒன்று 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டம். அந்நாட்டு வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகத்தின் நிதியில் 2008-இல் தொடங்கியபோது, ஜெர்மன் இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் திட்டமாகவே அது இருந்தது. எதிர்த்திசையில் நம்மைப் போன்றவர்களை அழைக்கும் பிரிவு 2013-க்குப் பிறகு வந்தது. வயது 18 முதல் 28 வரை இருக்க வேண்டும். திட்ட விதிகளை எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் என்பதால், நான் இங்கே மதிப்பிடுவது ஒன்றை மட்டும்தான்: மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதி நகரம் ஒன்றில் என்னை ஏற்றுக்கொண்ட அமைப்பு முதல் மூன்று வாரங்களில் எனக்குச் செய்துகொடுத்த ஏற்பாடுகள்.

புறப்படும் வரையிலான காகித வேலைகளில் குறை சொல்ல இடமே இல்லை. ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டுச் சான்று, தங்குமிடக் கடிதம் ஆகிய அனைத்தும் சென்னைத் தூதரக நேர்காணலுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டன; விமானச் சீட்டுக்கும் நான் பணம் கட்டவில்லை. கைச்செலவுப் பணம், வாடகையில்லாத அறை, அப்போது மாதம் 58 யூரோவாக இருந்த நாடு தழுவிய பயணச் சீட்டு ஆகியவையும் சொன்னபடியே கிடைத்தன.

குறைகள் தரையிறங்கிய நாளில் தொடங்கின. 2025 ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ரயில் தாமதமாகச் சேர்ந்தபோது, அழைத்துச் செல்ல வந்திருந்த பெண் அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு, "திங்கட்கிழமை சந்திப்போம்" என்று விடைபெற்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறன்று மளிகைக் கடைகள் திறந்திருக்காது என்பதும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் அதற்கு விதிவிலக்கு என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வரவேற்புக் கூடையில் கறுப்பு ரொட்டி, வெண்ணெய், ஜாம், நான்கு ஆப்பிள்கள், இரண்டு பாட்டில் தண்ணீர் ஆகியவை இருந்தன. தண்ணீரைத் திறந்தால் சோடா. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும். அது இல்லாததால் அந்த ஞாயிறு முழுவதும் சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காலி பாட்டில்களைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதை அறியாமல் குப்பையில் எறிந்தது தனிக் கதை.

இதைவிடப் பெரிய கோளாறு அஞ்சல் பெட்டியில் நேர்ந்தது. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம் இல்லாமல் அந்தப் பதிவு நடக்காது. அமைப்பு அக்கடிதத்தைத் தயாராக வைத்திருந்து, அலுவலகத்துக்கு ஆளையும் உடன் அனுப்பியது பாராட்டத்தக்கது. ஆனால், அங்கே கதவு எண்ணை மட்டும் பார்த்துத் தபால் போட மாட்டார்கள், பெட்டியின் மேல் நம் பெயர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை எவரும் சொல்லவில்லை. வங்கி அட்டை ஓர் உறையிலும் ரகசிய எண் வேறோர் உறையிலும் தபாலில்தான் வரும். என் பெயர் பெட்டியில் இல்லாததால் இரண்டும் திரும்பிப் போயின. முதல் மாதத்தின் பாதியை, பொறுப்பாளரிடம் கடனாக வாங்கிய 60 யூரோவில் ஓட்டினேன்.

பெயர் ஒட்டியதிலும் நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மில் பலரும் தந்தையின் பெயரைத்தான் எழுதியிருப்போம். ஆகவே அஞ்சல் பெட்டி, அழைப்பு மணி, வேலை அட்டவணை என எல்லா இடத்திலும் என் தந்தையின் பெயரே ஏறியது. வேலையிடத்தில் யாராவது "ஹெர் (திரு) முருகேசன்" என்று கூப்பிட்டால், அப்பாவை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். விண்ணப்பிக்கும்போதே எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

வேலைக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் இல்லத்தில் வாரம் 39 மணி நேரம். இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்ணும் தரலாம். முதல் இரண்டு வாரங்கள் என்னைத் தனியாக எந்தப் பணியிலும் விடவில்லை; சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ஒருவரைத் தூக்க வேண்டும் என்பதைப் பத்து முறை செய்து காட்டிய பிறகே என்னைச் செய்யச் சொன்னார்கள். ஜெர்மன் மொழி கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் 'டாஸ்' (அது), 'வாஸ்' (என்ன) என்று படித்துவிட்டுப் போன எனக்கு, இல்லத்தில் உள்ளவர்கள் அவற்றையே வட்டார வழக்கில் 'டாட்', 'வாட்' என்று பேசியது முதலில் விளங்கவில்லை. அதைப் பிடிபட வைத்தவர், காலை உணவு மேசையில் ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக்காட்டி என்னைத் திருப்பிச் சொல்லவைத்த இல்லவாசிப் பாட்டி ஒருவர்.

எனக்குக் கடினமாக இருந்தது 'டூ' என்னும் சொல். அது நம் 'நீ'. அம்மா வயதுள்ள பிரிவுத் தலைவியை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். தமிழில் என்றால் 'சாப்பிட்டாச்சா' என்று நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் தப்பித்துவிடலாம். ஜெர்மனில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நகராது. ஒரு வாரம் தலையசைப்பிலேயே காலம் தள்ளினேன்.

இவற்றையெல்லாம் கற்றுத்தர ஐந்து நாள் அறிமுகக் கருத்தரங்கு ஒன்று இருந்தது. ஓராண்டுச் சேவைக்கு மொத்தம் 25 நாள் கருத்தரங்கு என்பது விதி. ஆகவே வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. நடத்தியவர்களும் திறமையானவர்கள். ஆனால் அது மூன்றாம் வாரத்தில் நடந்தது. எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று அவர்கள் வண்ணப் படம் காட்டியபோது, பக்கத்து வீட்டுக்காரர் என் குப்பைப் பையைத் திறந்து பிரித்துக் காட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. பந்தி முடிந்த பிறகு இலை போட்டால் யார் உட்காருவார்கள்? ஒரே ஒரு செய்தி காலத்தில் உதவியது: வானொலி, தொலைக்காட்சிக்காக வீடுதோறும் வசூலிக்கும் ஒளிபரப்புக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கேட்டு வந்த கடிதத்தைக் கண்டு பயந்துபோயிருந்தேன். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், அறைத்தோழர் கட்டுவதைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பு என்றார்கள்.

அமைப்பு சொல்லாமல் விட்ட இன்னொன்று, ரயிலில் சற்று நேரத்திலேயே எட்டிவிடக்கூடிய ஹம் நகரத்தின் காமாட்சி அம்மன் கோயில். ஈழத்தமிழர் கட்டியெழுப்பி 2002-இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோபுரம், ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையின் கூடங்களுக்கு நடுவே திடீரென எழுந்து நிற்கிறது. இல்லத்தின் செவிலியர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அங்கே ஓர் அம்மா, "எங்கயிருந்து வந்தனீங்கள் தம்பி?" என்று கேட்டுவிட்டு, அரிசியும் கறிவேப்பிலையும் வாங்க எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று தாளில் வரைபடமே போட்டுக் கொடுத்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஆறிப்போன இரவுச் சாப்பாடு அன்றோடு முடிந்தது.

ஆக, காகித வேலைக்கும் வேலைப் பயிற்சிக்கும் ஐந்து, வரவேற்புக்கு இரண்டு, சரியான பாடத்தைத் தவறான வாரத்தில் நடத்தியதற்கு இரண்டரை, மொத்தத்தில் மூன்றரை. சனிக்கிழமை வந்து இறங்காதபடி பயணத்தை வாரத்தின் நடுவில் அமைத்துக்கொள்ள முடிந்தால் தயங்காமல் போகலாம். இந்தக் குறைகளை எழுதிக் கொடுத்தேன். புதியவர்களுக்கான பட்டியலில் அஞ்சல் பெட்டிக்குப் பெயர் ஒட்டுவதை முதல் வரியாகச் சேர்த்துவிட்டார்கள். வரவேற்புக் கூடையில் ஒரு கிலோ அரிசி வைக்கக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.